விடுதிச் சோறு: அன்றும் இன்றும்

மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் மெஸ் பில் ஒட்டப்படும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் பலருக்கு அந்தத் தட்டச்சுத் தாள் நினைவிருக்கும். அரிசி, பருப்பு, காய்கறி, பால், விறகு என்று மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சாப்பாட்டின் விலை கிடைக்கும். டிவைடிங் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். ஊருக்குப் போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியும். விருந்தாளி வந்து சாப்பிட்டிருந்தால் கூடும். தன் பெயருக்கு நேரே அந்தத் தொகை ஏன் வந்தது என்பதை முதலாண்டு மாணவனும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கை எழுதியவர்களும் பெரும்பாலும் மாணவர்களே. மெஸ் செக்ரட்டரியும் அந்த மாதத்துப் பிரதிநிதிகளும் சமையல்காரரோடு சந்தைக்குப் போவார்கள். சென்னை விடுதிகளுக்குக் கொத்தவால்சாவடி; 1996இல் மொத்தக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியதும் அங்கே. மூட்டைக்குள் கையை விட்டு அடியில் கிடக்கும் வெங்காயத்தை எடுத்துப் பார்க்கவும், தராசு முள்ளைக் கவனிக்கவும், கடைக்காரரிடம் கடன் சொல்லி நாணயம் தவறாமல் திருப்பிக் கொடுக்கவும் இருபது வயதில் அங்கே பழகினார்கள். சாம்பார் நீர்த்துப் போனாலும் திட்டு அவர்களுக்குத்தான், பில் ஏறினாலும் அவர்களுக்குத்தான். திட்டுகிறவன் பக்கத்து அறைக்காரன் என்பதால் மறுநாள் அவன் முகத்திலும் விழித்தாக வேண்டும். பொறுப்பு என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்காது.

இன்று பல கல்லூரிகளில் சமையல் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. உணவுக் கட்டணம் சேர்க்கையின்போதே ஆண்டு முழுவதற்கும் கட்டப்பட்டுவிடுகிறது. சமையலறையில் விறகுப் புகை இல்லை. நீராவியில் வேகிறது சோறு. வட இந்திய உணவு, தென்னிந்திய உணவு என்று வரிசைகள் பிரிந்திருக்கின்றன. பிடிக்காவிட்டால் வாசலிலேயே டெலிவரிக்காரர் நிற்கிறார். தேர்வுக் காலத்தில் சந்தைக்கு ஓட வேண்டிய கட்டாயமும், சரக்கறையில் கணக்கு உதைத்தால் தூக்கம் போகும் கவலையும் இன்றைய மாணவர்களுக்கு இல்லை. அது லாபம்தான். ஆனால் தான் கொடுத்த பணம் எப்படிச் சோறாகிறது என்று கேட்கும் வழக்கமும் அதோடு போய்விட்டது. குறை இருந்தால் செயலியில் ஒரு நட்சத்திரம் குறையும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரோடு உட்காரலாம் என்பதற்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், தேசிய உணர்வோடு தொடங்கிய இடமாக இருந்தும், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழக அரசியலின் போக்கையே திருப்பியது. அங்கிருந்து ஒரு நூற்றாண்டு கடந்து, 2025 ஜூலையில், தமிழக அரசு நடத்தும் 2,700க்கும் மேற்பட்ட மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதுவரை ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று பலகையே சாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று வகுப்புத் தோழன் கேட்டால் பதில் சொல்லத் தயங்கிய மாணவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயமில்லை.

பெயரோடு தட்டும் மாற வேண்டும். இந்த விடுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 50 ரூபாய். டீக்கடையில் காலைப் பலகாரம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பணத்தில் மூன்று வேளை ஓடுமா என்பது தெரியும்.

சீனியர்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ராகிங்கைப் பாசம் என்றும் பழக்குவது என்றும் சொல்லும் பழைய மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்து மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் நாடு முழுவதற்கும் வந்தன. பெற்றோரும் மாணவரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். புதியவர்களுக்கு இயன்றவரை தனிக் கட்டடம். இருபத்து நான்கு மணி நேர உதவி எண். இந்தப் பிரிவினையால் சீனியர் அறையிலிருந்து கைமாறி வந்த பழைய புத்தகங்களும், எந்தப் பேராசிரியருக்கு எப்படி விடை எழுத வேண்டும் என்ற ரகசியங்களும் முதலாண்டுக்கு வந்து சேர்வது குறைந்தது. குறையட்டும். இரவில் கதவு தட்டப்பட்டால் நடுங்கிய பிள்ளைகளின் பயத்துக்கு முன்னால் அந்த இழப்பு பெரிதல்ல.

வீட்டோடு இருந்த தொடர்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணியார்டரும் இன்லேண்டு கடிதமும் போய், இரவில் கட்டணம் குறையும்வரை எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்த வரிசையும் போய், இன்று அம்மாவின் முகம் தினமும் கைபேசியில் வருகிறது. பெண்கள் விடுதியில் மட்டும் இரவு திரும்ப வேண்டிய மணி அதிகம் நகரவில்லை. ஆண்கள் விடுதிக் கதவு திறந்திருக்கும் நேரத்தில் பெண்கள் விடுதியில் வருகைப் பதிவு முடிந்துவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட இடத்தில் இப்போது விரல் ரேகை, அவ்வளவே வித்தியாசம்.

மனம் உடைந்தவனுக்கு அன்று யார் இருந்தார்கள்? பெயர் வைக்கப்பட்ட உதவி எதுவும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்த்தால் பைத்தியம் என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். பந்தியில் இரண்டு வேளை ஆளைக் காணோமென்றால் ஒரு நண்பன் தட்டில் சோறு போட்டு அறைக்கு எடுத்துப் போவான். நண்பன் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. இன்று 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது; 2022 அக்டோபரில் வந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நண்பர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தைவிட இது நிச்சயம் மேல். ஆனாலும் உதவி தேவைப்படுகிறவனே எழுந்து போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. எழுந்திருக்கவே முடியாததுதான் அவன் நோய்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரேகை வைக்கும் கருவி உள்ள விடுதிகளில், யார் நேற்று இரவும் இன்று காலையும் சாப்பிட வரவில்லை என்பது பதிவில் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கவே அந்தப் பதிவு பயன்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே அறைக்குப் போய், “என்னப்பா, சாப்பிட வரலையே?” என்று கேட்க ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். நாளெல்லாம் பாடம் நடத்திவிட்டு, விடுதியையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் ஆசிரியர் ஒருவரால் அது ஆகாது. மாணவரிடம் வாங்கும் விடுதிக் கட்டணத்திலிருந்தே அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியும்.