பர்மா ஈந்த பெண்மணி

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி கவர்னர் ஜெனரலாக வாசம் செய்த அதே டில்லி மாளிகையில், 1997 முதல் 2002 வரை ராஷ்டிரபதியின் பத்தினியாக விளங்கியவர் ஸ்ரீமதி உஷா நாராயணன். 1922ல் பர்மாவின் யமேதினில் ஜனித்த அவரது பூர்வ நாமம் டின்ட் டின்ட்.

வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகம் வகித்த ஸ்ரீ கே. ஆர். நாராயணன் அந்நிய தேசத்துப் பெண்ணை மணக்க விதி இடந்தரவில்லை. பண்டித நேருவின் விசேஷ அநுமதியால் 1951ல் விவாகம் நடந்தேறியது. டில்லியில் சமூக சேவைக் கல்வி பயின்று பட்டம் பெற்ற அம்மையார், மாதர், குழந்தைகள் நலனுக்காக உழைத்தார். பர்மியக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். 2008ல் காலமானார்.

ஒருவரை இத்தேசத்தவராக்குவது பிறப்பன்று, தொண்டே. அயல்நாட்டில் பிறந்தவரையே தலைமகளாக ஏற்ற பாரதத்தில், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பிழைப்பு நாடி வரும் வடநாட்டுச் சகோதரரை அந்நியர் என்பது தகுமா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கூடி வாழும் நமது ஜில்லா சிந்திக்குமாக!