வெங்காயத்துக்கு யூரியா எப்போது?



பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் சந்தையிலும் நாம் வாங்கும் வெங்காயத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதத்தில்தான் அதை நீக்கியது. அந்த நாட்களில், வீட்டுக் கொல்லையில் சின்ன வெங்காயம் நடலாமா என்று மாணவர்களின் தாய்மார் சிலர் என்னைக் கேட்டார்கள். தாராளமாக நடலாம். ஆனால் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி நட்டேன். நாற்பது நாள் கழிந்த பின்னும் யூரியா போட்டேன். தாள் கரும்பச்சையாகத் தழைத்தது. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. பிடுங்கிப் பார்த்தால் கழுத்து தடித்து, காய் சிறுத்துக் கிடந்தது. வைத்திருந்ததும் விரைவில் அழுகிப் போயிற்று.

காரணம் என்ன? யூரியாவில் இருப்பது தழைச்சத்து. அது தாளை வளர்க்கும். முதல் மாதத்தில் வளர்ந்த தாள்தான் பிறகு காய்க்கு உணவு தயாரித்துத் தருகிறது. காய் பருக்கும் வேளையில் மேலும் யூரியா போட்டால், பயிர் மீண்டும் தாள் விடவே முனையும். கழுத்து மூடிக் காயாது. ஈரக் கழுத்தின் வழியே அழுகல் நுழைந்துவிடும்.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்குச் சொல்லும் கணக்கு இது: ஒரு ஹெக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து, தொழுவுரம் முதலியவற்றோடு அடியுரமாக, இன்னொரு 30 கிலோ, நட்ட 30ஆம் நாளில். நம் கொல்லைக்கு இதைச் சுருக்கினால், பத்தடி நீளம், மூன்றடி அகலமுள்ள பாத்திக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 18 கிராம் யூரியா. அதாவது மேசைக் கரண்டியால் ஒன்றரை. கலப்புரம் போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மழையையும் மறக்கக் கூடாது. வெங்காயத்தின் வேர் ஆழமாகப் போகாது. பெருமழை பெய்தால் தழைச்சத்து கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். அக்டோபர், நவம்பர் போன்ற மழை மாதங்களில் இரண்டாம் பங்கைப் பாதிபாதியாக 20ஆம் நாளும் 30ஆம் நாளும் போடலாம். மாலையில் இடிமழை வரும் அறிகுறி தெரிந்தால் அன்று போடவே வேண்டாம்.

போட்ட யூரியாவை மண்ணின் மேல் அப்படியே விடாதீர்கள். கோழிக் கூண்டில் மூக்கை அரிக்கும் வாடை வருகிறதல்லவா? அதே ஆவியாக மாறி அது காற்றோடு போய்விடும். காலையில் செடிக்குச் சற்றுத் தள்ளித் தூவி, மண்ணைக் கிளறி மூடி, சிறிது தண்ணீர் தெளியுங்கள்.

முப்பது நாளுக்குப் பிறகு தாள் சற்று வெளுத்தாலும் யூரியாப் பையைத் தொடாதீர்கள். எழுபது நாளளவில் தாள் மஞ்சளித்துச் சாயும். பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். உரம் மிச்சம், பணமும் மிச்சம். வெங்காயமும் அழுகாமல் அடுக்களைக்கு வரும்.