செல்லுல பொறந்த ஆப்... கம்ப்யூட்டர்ல என்ன வேலை?

"தம்பி, அம்மா சங்கரா மீன் கேட்டாங்களே... வாங்கியாச்சா?"

ஜெராக்ஸ் கடை அண்ணன் இப்படிக் கேட்டதும் எனக்கு செம ஷாக்! அது அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜ். இவருக்கு எப்படித் தெரியும்?

முந்தின நாள் நடந்தது இதுதான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் போற வழியில் இருக்கு அந்தக் கடை. மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுக்கணும். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் 'வாட்ஸ்அப் வெப்' திறந்தேன். செல்லால் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி, ஃபைலை இறக்கி, பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பஸ்ஸைப் பிடிக்க எடுத்தேன் ஓட்டம். லாக்-அவுட்? ஹி... ஹி... மறந்தே போச்சு!

"மெசேஜ் ஸ்கிரீன் ஓரத்துல எட்டிப் பார்த்துச்சுப்பா. நான் எதையும் தொடல. நீயே வந்து மூடிட்டுப் போ" என்றார் அண்ணன். நல்ல மனுஷன். ஆனா அந்த சீட்டில் வேற யாராவது உட்கார்ந்திருந்தால்? என் ஆதார் கார்டு போட்டோ, கிளாஸ் குரூப்பில் இருக்கும் பொண்ணுங்க போன் நம்பர்... எல்லாம் திறந்த வீடுதான். நினைச்சாலே வயித்தைக் கலக்குது!

இந்த ஆப் எல்லாம் செல்லோட நிற்க வேண்டியதுதானே, கம்ப்யூட்டருக்கு ஏன் வருது?

ஆர்க்குட் அண்ணன்கள் சொல்லும் கதை

எங்க தெரு அண்ணன்களைக் கேட்டால் சிரிப்பாங்க. சோஷியல் மீடியா வளர்ந்ததே கம்ப்யூட்டரில்தான் பாஸ்! 2004-ல் வந்த ஆர்க்குட்டில் ஸ்க்ராப் போட பிரௌசிங் சென்டருக்கு ஓடின தலைமுறை அது. 2014 செப்டம்பர் 30-ல் ஆர்க்குட்டுக்கு மூடுவிழா. அதுக்குள்ள ஆட்டம் செல்லுக்கு மாறியிருந்தது. 2010 அக்டோபரில் ஐபோனுக்கு மட்டுமே வந்த இன்ஸ்டாகிராம், கம்ப்யூட்டரில் இருந்து போட்டோ போட எல்லோரையும் அனுமதிக்க 2021 அக்டோபர் ஆச்சு!

வாட்ஸ்அப் கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஜனவரியில். அப்போ அது வெறும் கண்ணாடி. செல்லில் இருப்பதை அப்படியே காட்டும். செல்லில் நெட் கட் ஆனால், இங்கேயும் காலி! 2021-ல் இது மாற ஆரம்பிச்சது. செல் ஆஃப் ஆகிக் கிடந்தாலும், இணைச்ச கம்ப்யூட்டர் தனியா ஓடும். ஒரு செல்லோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம். 14 நாளுக்கு மேல் செல்லையே தொடாமல் இருந்தால்தான் தானா லாக்-அவுட் ஆகும். நாம செல்லை 14 நிமிஷம் தொடாம இருப்போமா? கடை கம்ப்யூட்டரில் நான் மாட்டினது இப்படித்தான்!

நம்ம ஊர் ஜோஹோவின் 'அரட்டை'யும் சளைச்சது இல்லை. 2021-ல் வந்து, 2025 செப்டம்பரில் திடீர்னு பிரபலமான இந்த ஆப், கம்ப்யூட்டருக்கு மட்டுமில்ல, டி.வி.க்கும் வந்திருக்கு.

6 மணி நேரக் கெடு

2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கா? மெசேஜ் ஆப்களுக்கு ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, கணக்கு தொடங்கின சிம் செல்லில் இருந்தால்தான் ஆப் ஓடணும். ரெண்டு, கம்ப்யூட்டரில் வெப் வழியா நுழைஞ்சா 6 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது லாக்-அவுட் ஆகணும். வெளிநாட்டில் உட்கார்ந்துகிட்டு இந்திய நம்பரில் மோசடி பண்றவங்களைத் தடுக்கத்தான் இது என்றது அரசு. இதைச் செய்ய 90 நாள் டைம் கொடுத்தாங்க.

கேம்பஸில் இதுக்கு ஏகப்பட்ட புலம்பல். "கோடு அடிக்கும்போது டீம் மெசேஜைப் பக்கத்திலேயே பார்க்கிறேன். 6 மணிக்கொரு தடவை க்யூ.ஆர். கோடா?" என்கிறான் ரூம்மேட். நியாயம்தான். பெரிய ஃபைல் அனுப்ப, நீளமா டைப் பண்ண கீபோர்டு மாதிரி வருமா? ஆனா எனக்கு அந்த 6 மணி நேரம் இருந்திருந்தால், மீன் மேட்டர் கடை வரைக்கும் போயிருக்காது!

நம்ம தீர்ப்பு

கம்ப்யூட்டரில் ஆப் இருக்கலாமா? தாராளமா இருக்கலாம், அது உங்க சொந்த கம்ப்யூட்டரா இருந்தால்! ரீல்ஸ் பார்க்க செல்லே போதும். அகலமான மானிட்டரில் நடுவுல ஒல்லியா ஓடும் வீடியோவுக்கு என்ன மரியாதை?

ஜெராக்ஸ் கடை, காலேஜ் லேப் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். ஃபைலை பென் டிரைவில் கொண்டு போங்க. அவசரத்துக்கு வேற வழியே இல்லைன்னா, வேலை முடிஞ்சதும் செல்லில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, அந்த கம்ப்யூட்டரை அப்போதே வெட்டிவிடுங்க. கடையை விட்டுக் கிளம்பின பிறகு ஞாபகம் வந்தாலும் செல்லிலிருந்தே வெட்டலாம். 10 செகண்ட் வேலை!

அப்புறம்... சங்கரா மீன்? அன்னிக்கு சாயந்திரமே வாங்கிட்டேன். அம்மாகிட்ட ஜெராக்ஸ் கடை கதையை மட்டும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க பாஸ்!