பட்டியல் எங்கே இருக்க வேண்டும்?

நாமக்கல் லாரியில் சரக்குப் பட்டியல் சரக்கோடுதான் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சோதனைச் சாவடியில் சங்கடந்தான்!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள்களுள் ஒன்று 'லினக்ஸ்'. அதில் ஏற்றிய புரோகிராம்கள் 'யூ.எஸ்.ஆர்.' என்ற அறையில் இருக்கும். அவற்றின் பட்டியலோ, அன்றாடக் கணக்குகள் உள்ள 'வார்' என்ற அறையில் இருந்து வந்தது.

இதில் என்ன ஆபத்து?

புதிய புரோகிராம் கோளாறு செய்தால், புரோகிராம் அறையை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவது உண்டு. கணக்கு அறையையும் திருப்பினால் இன்றைய கணக்கு போய்விடுமே! ஆனால் அங்குள்ள பட்டியல், 'புதியது இருக்கிறது' என்றே சொல்லும். அதை நம்பும் கம்ப்யூட்டர், பாதுகாப்புத் திருத்தத்தை மறுபடி ஏற்றாது. திருடனுக்குக் கதவு திறந்தே கிடக்கும்!

ஆகவே, 'பெடோரா' என்ற லினக்ஸ், 2022-ல் வந்த 36-வது பதிப்பில் பட்டியலைப் புரோகிராம் அறைக்கே மாற்றிவிட்டது.

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. அது 'டெபியன்' என்ற லினக்ஸின் வழி வந்தது. டெபியனில் பட்டியல் இன்றும் 'வார்' அறையில்தான். அங்கே புரோகிராமைத் திருப்பினால், பட்டியலையும் கூடவே திருப்ப வேண்டும்.

சரக்கு போகும் வழியே பட்டியலும் போகட்டும்!