மரணசாதனமும் தருமசாதனமும்

ஈட்டிய பொருள் தன் காலத்தின் பின் யாரைச் சேரவேண்டும் என்பதனை இல்லறத்தான் ஒருவன் வாயாற் சொல்லிவிட்டாற் போதும் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. "கடை மூத்தவனுக்கு, நகை தங்கச்சிக்கு, வீடு அம்மா இருக்குமட்டும் அம்மாவுக்கு" என்று நோய்ப்படுக்கையிற் கூறிய சொல்லைச் சுற்றத்தார் கேட்டிருப்பர், அயலாரும் கேட்டிருப்பர். அச்சொல் மக்களின் மனச்சான்றைக் கட்டலாம், காணியைக் கட்டாது. எழுதிய மரணசாதனம் இல்லாவிடத்து, இறந்தவனுடைய விருப்பத்தை வினாவாது சட்டமே பொருளைப் பங்கிடுகின்றது.

அப்பங்கீடும் எல்லார்க்கும் ஒருபடித்தானதன்று. பண்டாரவளைக் கடைத்தெருவில் அடுத்தடுத்து வாழும் மூவரை எண்ணிப் பார்க்க. ஒருவர் ஊவாவின் பழங்குடியினரான கண்டிச் சிங்களவர். மற்றவர் யாழ்ப்பாணத்தில் நிலையான வாழ்விடமுடைய வணிகர். மூன்றாமவர் தோட்டத்திற் பிறந்து நகரிற் கடை வைத்த மலையகத் தமிழர். முதல்வருக்குக் கண்டியச் சட்டம் உரியது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தெளிவாக்கித் திருத்தியது. தீக முறையில் மணமுடித்து வேறு வீடு புகுந்த மகளின் பங்கு அச்சட்டத்திற் சுருங்கும். இரண்டாமவரைத் தேசவழமை பின்தொடர்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்சு தொகுத்த அவ்வழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பகுப்பு உண்டு. தேடியதேட்டத்திற் பாதி மனைவிக்குரியது. ஆதலின் அவ்வணிகர் முழுவதையும் தம்முடையதென எண்ணி மரணசாதனம் எழுதினாலும் அந்தப் பாதியை எழுதியவராகார்.

மூன்றாமவர் நிலையே பெரிதும் மயக்கத்துக்குள்ளானது. சமயத்தால் இந்துக்களாதலின் இந்தியாவின் இந்துச் சட்டம் தமக்குரியது என்பர் சிலர். மொழியாற் தமிழராதலின் தேசவழமை உரியது என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. தேசவழமை வடமாகாணத்துத் தமிழரின் வழமை. இலங்கையையே நிலையான வாழ்விடமாகக் கொண்ட மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டமே உரியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனமின்றி இறந்தவனின் ஆதனத்திற் பாதி மனைவிக்கும், மற்றைப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். மகனென்றும் மகளென்றும் வேற்றுமை இல்லை. மூத்தவனுக்குத் தனிச் சிறப்பும் இல்லை. தந்தையின் இடத்தில் தானே நிற்பதாகக் கருதிக் கடைத் திறப்பை இடுப்பிற் செருகிக்கொள்ளும் மூத்த மகன் இதனை அறிதல் நன்று.

எனினும் கைம்பெண்ணின் பாதி அத்துணை எளிதிற் கைக்கு வருவதன்று. தோட்டங்களில் முற்காலத்தே கோயிலிலும் லயன் வாசலிலும் தாலி கட்டி நடந்த மணங்கள் பல பதியப்படாதவை. சமயச் சடங்குப்படி நடந்த மணம் பதிவில்லாவிடினும் செல்லும். ஆயினும், சடங்கு நடந்ததென நிறுவும் பாரம் கணவனை இழந்து நிற்பவளின் தலைமேல் வீழ்கின்றது. கண்டவரோ பெரும்பாலும் இறந்துபட்டிருப்பர். மரணசாதனத்தில் அவளைப் பெயர் குறித்துப் பொருளை எழுதிவைத்திருப்பின் இப்பாரம் நீங்கும்.

இவ்வாறு எழுதும் உரிமை பழைய உரோமன் டச்சுச் சட்டத்தில் முழுமையானதன்று. பிள்ளைகளுக்கென ஒரு பகுதி கட்டாயமாக ஒதுக்கப்பட்டிருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அத்தளையை நீக்கியது. எழுதும் முறையையோ 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையிற் கையொப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். மலைமுகட்டுத் தோட்டத்தில் நோயுற்றுக் கிடப்பவனுக்கு இவ்வைவர் முறை பேருதவியாகும். பயன்பெறுவோர் சாட்சியாதல் தகாது. எழுதியபின் மணமுடித்தால் அம்மரணசாதனம் அழியும் என்பதனையும் மறத்தலாகாது.

தருமசாதனத்தின் இயல்பு வேறு. மரணசாதனம் எழுதியவன் இறந்த பின்னரே பேசும்; நம்பிக்கைப் பொறுப்போ அவன் வாழும்போதே தொடங்கலாம். பொருளின் உரிமை பொறுப்பாளரிடம் செல்ல, பயன் பிறிதொருவருக்குச் சேருவது இதன் இலக்கணம். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதனை ஆள்கின்றது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையின் காவலுக்கும், கோயிலின் நித்திய பூசைக்கும், வறிய மாணவரின் கல்விக்கும் இதுவே தக்க வழி.

நல்ல எண்ணம் மாத்திரம் அறத்தைக் காவாது என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறு சான்றாகும். அவர் 1794ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆந் திகதி மரணசாதனம் எழுதிப் பெருஞ்செல்வத்தை அறங்களுக்கு வைத்து, அத்திங்கள் இறுதியிலேயே காலமானார். பணம் இருந்தது, எழுத்தும் இருந்தது. நிறைவேற்ற வந்தோரைக் கேள்வி கேட்கும் அமைப்புத்தான் இல்லை. வழக்குகள் நீண்டன. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட நிதியிலிருந்து பள்ளி திறக்கப்பட்டது 1842இல். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்! பொறுப்பாளர் ஒருவர் இறப்பின் அவரிடத்து வருபவர் யார், கணக்கினைப் பார்ப்பவர் யார் என்னும் இரண்டையும் சாதனத்திலேயே எழுதுவோர் இவ்விடரைப் பெரும்பாலும் தவிர்ப்பர். நம்பத்தக்க உறவினர் இல்லாதார்க்கென 1922ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரச பொது நம்பிக்கைப் பொறுப்பாளரும் உளர்.

இனி, மரணசாதனத்துள் அடங்காத பொருள்கள் சில. லயன் அறையில் ஐந்து தலைமுறை வாழ்ந்திருப்பினும் அதனை எழுதிவைத்தல் இயலாது, அது தோட்டத்துக்குரியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மட்டுமே கம்பெனிகளிடம் சென்றது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் பெற்றோர் தம் கையில் உள்ளது உறுதியா, வெறும் கடிதமா என்று பார்த்தறிதல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய காணிக்குப் பின்னுரித்தாளரை நியமித்தலே முறை. நியமியாதவிடத்து ஆண்மக்களை முற்படுத்திய விதி 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாறியது.

தோட்டத் தொழிலாளியின் பெருஞ்சொத்து ஊழியர் சேமலாப நிதியே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதியில் உறுப்பினர் தமக்குப் பின் பணம் பெறுவோரை நியமித்து வைக்கலாம். ஆயின், பிறப்புப் பதிவில் ராமாய், அடையாள அட்டையில் இராமாயி, நிதியேட்டில் ராமாயம்மா என ஒருத்தியே மூவராய்த் தோன்றுதல் தோட்டங்களில் அரிதன்று. உரியவர் உயிரோடிருந்து திருத்தம் கேட்பின் தோட்டக் கந்தோரிலிருந்தே தொடங்கலாம். அவர் மறைந்தபின் மனைவியோ பிள்ளையோ சத்தியக் கடதாசிகளுடன் பதுளைக்கும் கொழும்புக்குமாக அலைய நேர்கின்றது.