தொய்வும் நாட்பட்ட நெஞ்சுச் சளியும்

தொய்வு என்னும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்குவதால் இழுப்பு வருகிறது. மருந்து எடுத்தால் அவை மீண்டும் விரியும். ஆனால் பல ஆண்டுகள் சுருட்டு, பீடி புகைத்தவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மாருக்கும் வேறொரு நோய் மெல்ல வருவதுண்டு. விடாத இருமல், சளி, வேலை செய்கையில் மூச்சுவாங்கல் என்பன அதன் அறிகுறிகள். இதில் குழாய்கள் நிரந்தரமாக ஒடுங்குகின்றன. இதனை நாட்பட்ட சுவாசத் தடைநோய் என்பர்.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் இழுப்பு அடிக்கடி வரும், கடுமையாகவும் இருக்கும், குணமாக நாட்செல்லும். ஏற்கெனவே தூர்ந்த வாய்க்காலில் மேலும் மண் சரிந்தால் நீர் ஓடுமா? அதுபோல, ஒடுங்கிய குழாய்க்குச் சிறு தடிமன் காய்ச்சலும் பெருந்தடையாகும்.

ஆகவே, "பழைய தொய்வுதானே, விடியட்டும்" என்று நாம் காத்திருக்கலாகாது. ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், அல்லது உடன் சுகந்தரும் இன்ஹேலர் நான்கு மணித்தியாலமும் தாங்காவிட்டால், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் வைத்தியரிடம் காட்டுவோம்.

நாளாந்தம் எடுக்கச் சொன்ன மருந்தைச் சுகமென்று நிறுத்தக் கூடாது. புகைத்தலைக் கைவிடுவோம். தற்காலிகக் கொட்டிலாயினும் அடுப்பைக் காற்றோட்டமான வெளித் தாழ்வாரத்தில் வைப்போம்.

இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்து வைத்தியருக்கு உங்களிடம் இரு நோய்களும் உண்டெனச் சொல்வது அதுவே.