இனிப்புச் சிற்பம்

உணவு வயிற்றை நிறைக்கும். அதன் தோற்றம் கண்ணை நிறைக்கும். இரண்டும் இயைந்த விருந்தே மனத்தை நிறைக்கும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் சில குடும்பத்தாரின் திருமணங்களில் பருப்புத் தேங்காய் என்னும் பண்டம் இணையாக வைக்கப்பெறும். வெல்லப் பாகைப் பதமறிந்து காய்ச்சி, வறுத்த பருப்பை அதில் கலந்து, கூம்பு வடிவான கூட்டில் இட்டு இறுக்குவர். ஆறியபின் கூட்டை நீக்கினால், அது பிறிதொன்றன் துணையின்றித் தானே நிமிர்ந்து நிற்கும். உண்ணும் பொருளே காணும் பொருளாகவும் அமைவது இக்கலையின் சிறப்பு.

கேக்கின் மேல் வைக்கும் அணிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 1840-ஆம் ஆண்டில் நடந்த விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கின் உச்சியில், மணமக்களை வாழ்த்தும் பிரித்தானியத் தாயின் உருவம் நின்றது. இன்று கோயம்புத்தூர்க் காந்திபுரத்து அடுமனைகளின் கண்ணாடிப் பேழைகளிலும் பூவும் பொம்மையும் தாங்கிய கேக்குகளைக் காணலாம். இத்தகைய அணியை வீட்டிலேயே செய்தல் அரிதன்று. அதற்கு வேண்டுவன மூன்று: பதம், நிலை, தூய்மை.

முதலாவது பதம். நன்றாகப் பொடித்துச் சலித்த சர்க்கரை கால் கிலோவுக்கு, உண்ணத்தக்க பிசின்பொடி ஒரு தேக்கரண்டி சேர்த்தல் வேண்டும். சிறிது சிறிதாக நீர் தெளித்து, பூரி மாவைப் போல இறுகப் பிசைதல் வேண்டும். ஈரமுள்ளவரை இம்மாவு கைக்கு அடங்கி வளையும். உலர்ந்தபின் பீங்கான் போலக் கெட்டியாகும். காற்றுப் பட்டால் மேற்புறம் விரைவில் காய்ந்து வெடிக்குமாதலின், வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு எஞ்சியதை மூடி வைத்தல் நன்று.

இரண்டாவது நிலை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் அது மீண்டும் எழுந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அதன் அடிப்பகுதி கனமாகவும் உருண்டையாகவும், மேற்பகுதி இலேசாகவும் இருப்பதே காரணம். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு, அதன் அடித்தளத்துக்குள் விழுமாயின் பொருள் நிற்கும். வெளியே விழுமாயின் கவிழும். ஆகவே அணியின் அடி அகன்றும் கனத்தும் இருத்தல் வேண்டும். உச்சி சிறுத்திருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளைச் செய்யும் முறையைக் காண்போம். முதலில் அரை விரற்கிடை கனமுள்ள வட்டத் தட்டு ஒன்றை மாவினால் செய்து உலர்த்துக. அதன் நடுவே நிற்கத் தடித்த காம்பு ஒன்றைச் செய்து தனியே உலர்த்துக. பின்பு மாவை மெல்லியதாகத் தேய்த்து, நீண்ட இதழ்கள் ஆறு வெட்டுக. விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால் அலை போன்ற நெளிவு தோன்றும். இதழ்களைக் கரண்டியின் முதுகில் வளைத்து வைத்து, ஓரிரு நாள் நிழலில் உலர்த்துக. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக உணவு வண்ணம் தீட்டுக. அதே மாவைச் சிறிது நீரில் குழைத்தால் பசையாகும். அதைக் கொண்டு காம்பைத் தட்டில் நிறுத்தி, அது இறுகியபின் இதழ்களையும் ஆறு மகரந்தத் தாள்களையும் ஒவ்வொன்றாக ஒட்டுக. ஒன்று இறுகுமுன் மற்றொன்றை ஒட்டினால் இரண்டும் சரியும். பொறுமையே இங்குத் தலையாய கருவி.

ஈரம் இவ்வணிக்குப் பகை. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், கோவையிலும் அணி உலர நாள் கூடலாம். குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் நீர் முத்துமுத்தாகப் படிந்து இதழ்கள் தளரும். உலர்ந்த பெட்டியில் வைத்திருந்து, விருந்துக்குச் சற்று முன்னர்க் கேக்கின் மேல் அமர்த்துவதே தக்கது.

மூன்றாவது தூய்மை, மூன்றனுள்ளும் முதன்மையானது இதுவே. செங்காந்தளைச் சர்க்கரையால் செய்வானேன், செடியிலிருந்தே பறித்து வைக்கலாகாதோ என்று வினவலாம். ஆகாது. கொங்கு நாட்டில் மூலனூர், தாராபுரம் பக்கங்களில் மருந்துக்காக இது பயிரிடப்படுகிறது. எனினும் செடி முழுவதும் நஞ்சுடையது, கிழங்கு மிகுதியும் நஞ்சுடையது. வீட்டு முற்றத்தில் பூக்கும் அரளியும் அத்தகையதே. அழகிய மலர் என்பதற்காக இவற்றை உணவின் மேல் வைத்தல் பெருந்தீங்காகும். கம்பி, குண்டூசி, உண்ணத்தகாத மினுக்குப்பொடி ஆகியவற்றையும் விலக்குக. வண்ணங்களுள் உணவுக்கென ஒப்புதல் பெற்றவற்றையே கொள்க.

விருந்தில் கேக்கை அறுக்குமுன் அணியைத் தட்டோடு எடுத்துத் தனியே வைப்பது வழக்கம். ஆயினும் குழந்தையின் கை முதலில் நீளுவது அதன் மேல்தான். கத்தி வருமுன்னே ஓர் இதழ் ஒடிந்து அதன் வாய்க்குள் சென்றிருக்கும். அணியைச் செய்பவர் அந்தச் சிறு கையை நினைந்தே ஒவ்வோர் இதழையும் செய்தல் வேண்டும். கண்ணுக்கு இனியது வாய்க்கும் தீங்கற்றதாக அமையும்போதே இக்கலை நிறைவு பெறும்.